சக்கர வளைவில் மறுபடியும் கொப்புளிக்கும் துரு: மலைக் குளிரில் வீட்டிலேயே சரிசெய்ய இயலுமா?

கோத்தகிரி ஆசிரியை (நவம்பர் 21)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 2012-ஆம் ஆண்டில் வாங்கிய வெள்ளை நிற மாருதி ஆல்ட்டோவை இப்போது நான் ஓட்டி வருகிறேன். எஞ்சினில் குறை எதுவும் இல்லை. மாதம் இரண்டு முறையாவது மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி ஏறுகிறது. 2027-இல் 15 ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் இந்த வண்டியை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். அப்பா தம் சேமிப்பில் வாங்கிய முதல் கார் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் விளிம்பில் சென்ற ஆண்டு கோடையில் துவரம் பருப்பு அளவுக்கு ஒரு பழுப்புப் பொட்டு தெரிந்தது. அக்டோபரில், மழை தொடங்கியிருந்த சமயத்தில், ஒரு பட்டறையில் காட்டினேன். காலையில் விட்ட வண்டியை மாலையிலேயே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்து, பெயிண்ட் அடித்துத் திருப்பித் தந்தார்கள். பொட்டு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாத அளவுக்கு வேலை நேர்த்தியாக இருந்தது. ஆனால் எட்டே மாதத்தில் அதே இடத்தில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியது. இந்த மாத மழைக்குப் பின் அது ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை கேட்கிறது. வேறொரு பட்டறையில் கேட்டதற்கு, வளைவுத் தகட்டையே வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும் என்றும் 14,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள்.

இது போதாதென்று, கதவுகளின் கீழ்ப்பாதியிலும் டிக்கிக் கதவிலும் குண்டூசித் தலை அளவில் எண்ணற்ற பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. வண்டி முழுவதுமே துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டதோ என்று அஞ்சுகிறேன். எங்கள் வீட்டில் கார் நிறுத்தக் கொட்டகை கிடையாது; வாசலில் சரிவான இடத்தில் நிறுத்தி, தார்ப்பாய் உறையால் மூடி வைக்கிறேன். எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் கலந்து தேய்த்தால் துரு போய்விடும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். இந்த வேலையை நானே பொறுமையாகச் செய்ய இயலுமா, அல்லது தகட்டை வெட்டுவதுதான் வழியா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குன்னூர்ப் பட்டறை (நவம்பர் 21)

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நான் 31 ஆண்டுகளாக டிங்கரிங், பெயிண்டிங் வேலை செய்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் கோயம்புத்தூரில், அதற்குப் பிறகு குன்னூரில். இரண்டு இடங்களிலும் வேலை பார்த்ததால்தான் உங்கள் வண்டிக்கு என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

சமவெளிப் பட்டறைகளில் பட்டி வைத்து, அது இறுகியதும் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து வழவழப்பாக்குவது வழக்கம். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது, உப்புத்தாள் அடைபடாது, வேலையும் விரைவாக முடியும். கோயம்புத்தூரின் ஏப்ரல் வெயிலில் அந்த ஈரம் சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். ஆனால் பட்டி என்பது கல்போல் தோன்றினாலும் நுண்ணிய துளைகள் நிறைந்த பொருள். தண்ணீரைப் பஞ்சுபோல் குடித்து வைத்துக்கொள்ளும். அக்டோபர் மழையில், மேகம் பட்டறைக்குள்ளேயே வந்து போகும் நாளில், அப்படிக் குடித்த தண்ணீர் ஒரு மாலைக்குள் எப்படி வெளியேறும்? மேலே பெயிண்டை அடித்து மூடிவிட்டால் ஈரம் தகட்டின் பக்கமே அடைபட்டுக் கிடக்கும். மலைக்கு வந்த புதிதில் நானும் இதே முறையில் செய்த வண்டிகள் ஓராண்டுக்குள் என்னிடமே திரும்பி வந்திருக்கின்றன. அந்த வாடிக்கையாளர்களுக்குப் பணம் வாங்காமல் மறுபடியும் செய்து கொடுத்த பிறகுதான், மலையில் பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

தகட்டை வெட்ட வேண்டுமா என்பதைக் கொப்புளத்தைத் திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல இயலாது. கூர்மழுங்கிய ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கொப்புளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே தெரியும் இரும்பை அதன் முனையால் ஓரளவு அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்காமல் கெட்டியாக நின்றால் தகடு உயிரோடு இருக்கிறது என்று பொருள், நீங்களே செய்யலாம். முனை இறங்கினாலோ, ஒரே ஒரு குண்டூசித் துளை தெரிந்தாலோ கூட, பின்பக்கத்திலிருந்து அரித்துக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். அதை வெட்டித் துண்டு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டையின்மேல் பட்டி அப்புவது பயன் தராது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப்பகுதியிலும், ஷாக் அப்சார்பர் பொருந்தும் இடங்களிலும் துரு கண்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். வண்டியின் பாரத்தைத் தாங்கும் இடங்கள் அவை.

திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை தார்ப்பாய் உறையைக் கழற்றி வையுங்கள். காற்றுப் புகாத உறை மழையைத் தடுப்பதைவிடத் தரையிலிருந்து எழும் ஈரத்தைச் சிறைபிடிப்பதே அதிகம். நனைந்து காற்றில் உலரும் வண்டிதான், உறைக்குள் நாள் முழுவதும் ஈரத்தில் நிற்கும் வண்டியைவிட நீண்ட நாள் உழைக்கும்.

உதகை வேதியியல் (நவம்பர் 22)

பட்டறை ஐயா சொன்னது முற்றிலும் சரி. நான் வேதியியல் பயிற்றுவிப்பவன் என்பதால், பருப்பளவுப் பொட்டு எப்படி நாணய அளவாகிறது என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன், சகோதரி.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர், ஆக்சிஜன் ஆகிய இரண்டும் தேவை என்பது அனைவரும் அறிந்தது. ஆனால் ஒரே தகட்டில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடமும் குறைவாகக் கிடைக்கும் இடமும் ஒரே ஈரப்படலத்தால் இணைந்திருந்தால், குறைவாகக் கிடைக்கும் இடத்து இரும்புதான் கரையும். சேறு அப்பிய விளிம்பின் அடியிலும், பெயிண்ட் படலத்தின் ஓரத்துக்கு அடியிலும் அரிப்பு மும்முரமாக நடப்பதற்கு இதுவே காரணம். உருவாகும் துரு, கரைந்த இரும்பைப் போல இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைப்பதால் பெயிண்டை மேலே தூக்குகிறது. தூக்கிய இடைவெளியில் மேலும் ஈரம் நுழைகிறது. எனவே வெளியே தெரியும் பொட்டின் அளவை வைத்து உள்ளே இருக்கும் துருவை மதிப்பிடக் கூடாது. கெட்டியான, பளபளக்கும் இரும்பு எல்லாப் பக்கமும் தெரியும்வரை சுரண்டிக்கொண்டே போக வேண்டும்.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே, மழை பெய்யாவிட்டாலும் வெற்று இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து அரிப்பு விரைவுபடுகிறது. மழைக்காலத்தில் நீலகிரியில் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாள்கள் எத்தனை என்பது நமக்குத் தெரியும். உறைபனி விழும் தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. பெயிண்டின் விரிசலில் தேங்கிய தண்ணீர் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகி, விரிசலை அகலப்படுத்தும்.

எலுமிச்சையும் உப்பும் வேண்டவே வேண்டாம். சமையலறைக் கத்தியில் அது வேலை செய்வதைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். கத்தியை உடனே கழுவித் துடைத்து வைக்கிறோம். சக்கர வளைவின் மடிப்பிலோ, உப்பின் குளோரைடு இரும்புக் குழிகளில் தங்கி, பெயிண்டுக்கு அடியிலிருந்து அரிப்பைத் தூண்டிக்கொண்டே இருக்கும். கடலோர ஊர்களில் கார்கள் உப்புக்காற்றால் படும் பாட்டை நாமே வலியச் சென்று வாங்கிக்கொள்ளக் கூடாது.

அதற்குப் பதிலாக, கடையில் துருமாற்றி என்ற பெயரில் கிடைக்கும் திரவத்தைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலானவற்றில் டேனிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். டேனிக் அமிலம் துருவோடு சேர்ந்து நீலக் கருமையான, எளிதில் கரையாத படலமாகிறது. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியபோது நடந்ததும் இதே வினைதான். சுரண்டிய இடம் முழுவதும் இதைப் பூசி, கறுத்த பின் மேலே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் போதும் என்பது என் கருத்து.

குன்னூர்ப் பட்டறை (நவம்பர் 22)

பேராசிரியர் ஐயா சொன்ன விளக்கம் எனக்கே புதிய தெளிவைத் தந்தது. ஆனால் கடைசி வரியில் மட்டும் நான் மாறுபடுகிறேன். துருமாற்றியைச் சுரண்டிய இடம் முழுவதும் பூசுவதை நான் ஏற்பதில்லை. பளபளக்கும் இரும்புக்கு அது தேவையில்லை. அங்கே மாற்றுவதற்குத் துருவே இல்லை. பாஸ்பாரிக் வகை அமிலத்தின் மிச்சம் இரும்பில் தங்கினால், அதன்மேல் போடும் எபாக்சி பிரைமர் சரியாகப் பற்றாமல் தோல்போல் உரிந்து வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உப்புத்தாள் எட்டாத குழிகளில் மட்டும் சிறிய தூரிகையால் தொட்டு வைத்து, புட்டியில் குறிப்பிட்டுள்ள நேரம் கழித்து, அதில் சொல்லியபடி கழுவியோ துடைத்தோ எடுத்துவிட்டு, நன்றாக உலர்த்த வேண்டும்.

உதகை வேதியியல் (நவம்பர் 22)

ஏற்றுக்கொள்கிறேன். குழிகளை மட்டும் எண்ணிப் பொதுவாக எழுதிவிட்டேன். எபாக்சியை இறுக வைக்க அதனோடு கலக்கும் கடினமாக்கி காரத்தன்மை உடையது. எஞ்சியிருக்கும் அமிலம் அதன் வேலையைக் கெடுக்கும். ஐயா சொன்ன முறையையே பின்பற்றுங்கள்.

கூடலூர்த் தோட்டம் (நவம்பர் 23)

அக்கா, நான் கூடலூர்ப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். உங்களுக்கு வடகிழக்கு மழை என்றால் எங்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. வண்டி உலர்வதே அரிது. நான் பட்ட பாட்டிலிருந்து இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, துருவை வெளிப்பக்கம் மட்டும் பார்த்துச் சரிசெய்யாதீர்கள். பின்சக்கர வளைவின் விளிம்பு உள்நோக்கி மடிந்திருக்கும். அந்த மடிப்பின்மேல் ஒரு வாய்க்கால் வரப்பைப் போலச் சேறு தங்கும். கையை உள்ளே விட்டு விரலால் துழாவிப் பாருங்கள். ஒரு பிடி மண்ணாவது வரும். காரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களை ஒட்டிய சாலைகளில் ஓடும் வண்டி என்றால் அது வெறும் மண் அன்று, உரம் கலந்த மண். நான் தோட்டத்துக்குப் பொட்டாஷ் மூட்டைகளை என் காரின் டிக்கியிலேயே ஏற்றி வந்த காலம் உண்டு. சிந்தியதைத் துடைத்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் விரிப்புக்கு அடியில் போன துகள்கள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, மூன்று மழைக்குள் டிக்கியின் தரையைச் சல்லடை ஆக்கிவிட்டன. பொட்டாஷ் உரமும் ஒரு குளோரைடு உப்புதான் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டாவது, கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். சில்வர் ஓக் சருகும் தூசியும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். ஒரு ஈர்க்குச்சியால் குத்தி விட்டு, கண்ணாடியின் ரப்பர் ஓரமாகச் சிறிது தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே வடிந்தால் நல்லது.

நீங்கள் சொன்ன குண்டூசித் தலைப் புள்ளிகளைப் பற்றி அஞ்ச வேண்டாம் என்றே நினைக்கிறேன். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் தேயும். அதிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் சூடாகப் பெயிண்டின்மேல் ஒட்டி, ஈரம் பட்டதும் பழுப்பாகும். முன்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள கதவின் கீழ்ப்பாதியிலும், காற்று சுழன்று வந்து படியும் டிக்கியிலும் இது அதிகம். வெள்ளை வண்டியில் உடனே கண்ணுக்குத் தெரியும். தகடு துருப்பிடிப்பது வேறு, தகட்டின்மேல் உட்கார்ந்த தூள் துருப்பிடிப்பது வேறு. வண்டியைக் கழுவிவிட்டு, கார் துடைக்கும் களிமண்கட்டி என்று விற்கும் பொருளைச் சோப்புநீரில் வழுக்கவிட்டு மெதுவாகத் தேய்த்தால், தூள் என்றால் வந்துவிடும். கல் தெறித்த காயம் என்றால் அப்படியே நிற்கும்.

கோத்தகிரி ஆசிரியை (டிசம்பர் 1)

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தேன். கொப்புளத்தின் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பியதும், பழைய பட்டி ஒரே வில்லையாகப் பெயர்ந்து கையில் வந்தது. மழை நின்று நான்கு நாள் ஆகியிருந்தும் அதன் உட்புறம் தொட்டால் விரல் ஈரமாகும் அளவுக்கு நனைந்திருந்தது. குன்னூர் ஐயா பார்க்காமலே சொன்னது என் உள்ளங்கையில் இருந்தது. அதற்கு அடியில் இருந்த துருவைக்கூட அவர்கள் சுரண்டவில்லை. துருவின் மேலேயே பட்டி வைத்திருக்கிறார்கள்.

ஸ்க்ரூ டிரைவரின் முனை எங்கேயும் இறங்கவில்லை. துளை இல்லை, ஆனால் அம்மைத் தழும்பு போலப் பத்துப் பன்னிரண்டு குழிகள் இருக்கின்றன. மடிப்பிலிருந்து கூடலூர்த் தம்பி சொன்னபடியே இரண்டு பிடி செம்மண் வந்தது. கதவுப் புள்ளிகள் களிமண்கட்டியில் ஏறத்தாழ முழுவதும் போய்விட்டன. பானெட்டின் முன்விளிம்பில் மூன்று மட்டும் நிற்கின்றன.

இப்போது எந்த வரிசையில், எந்த நாளில் செய்வது என்று சொல்லுங்கள். இரவில் இங்கே 10 டிகிரிக்குக் கீழே போகிறது. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமா என்பதையும் தெரிவியுங்கள்.

குன்னூர்ப் பட்டறை (டிசம்பர் 2)

டீச்சர் அம்மா, தகடு கெட்டியாக இருப்பது உங்கள் நல்லகாலம். 14,000 ரூபாய்க்கு இப்போது தேவை இல்லை. ஆனால் டிசம்பரில் செய்யாதீர்கள். எபாக்சி பிரைமரும் பட்டியும் வெப்பத்தால்தான் இறுகும். 10 டிகிரியை நெருங்கும்போது அவற்றின் வினை ஏறத்தாழ நின்றுவிடும். பட்டி இறுகவில்லையே என்று கடினமாக்கிப் பசையைக் கூடுதலாகக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியின் எடையில் 2 விழுக்காடு அளவுதான் கலக்க வேண்டும். கூடினால், மேலே அடிக்கும் வெள்ளைப் பெயிண்டின் வழியாக மஞ்சள் கறை ஊறி வரும். பிப்ரவரியில் வானம் தெளிந்து தொடர்ந்து மூன்று நாள் வெயில் அடிக்கும் வாரத்தைப் பார்த்து வையுங்கள். அதுவரை இப்போது திறந்த இடத்தைத் துடைத்து, உலர்த்தி, கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி வையுங்கள். வேலையன்று தின்னரால் முழுவதும் துடைத்தெடுத்துவிடலாம்.

சக்கரத்தைக் கழற்றினால் வேலை எளிது. ஆனால் உங்கள் வாசல் சரிவு என்கிறீர்கள். இந்தக் காரின் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் அந்தப் பிடிப்பில் பாதி போய்விடும். எனவே சரிவில் ஒருபோதும் தூக்காதீர்கள். சமமான தரைக்கு வண்டியைக் கொண்டுபோய், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்த பிறகே தூக்குங்கள். சமதரை கிடைக்காவிட்டால் சக்கரம் இருந்தபடியே செய்யலாம். மணிக்கணக்கில் குனிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் காலையில் உட்கார்ந்துவிடாதீர்கள். இரவு முழுவதும் குளிர்ந்த தகட்டின்மேல் காலைக் காற்றின் ஈரம் படியும். கண்ணாடியில் நீர்ப்பனி படிந்திருக்கும் நேரத்தில் தகட்டிலும் அது இருக்கிறது. பத்து மணிக்கு மேல், புறங்கையால் தொட்டால் தகடு இளஞ்சூடாக இருக்கும்போது தொடங்குங்கள். தகட்டின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையில் பொதுவான விதி.

மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக்கவசம் அணிந்துகொண்டு, 80-ஆம் எண் உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு வரும்வரை தேயுங்கள். இங்கே தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. வெற்று இரும்பு நனைந்தால் சில நிமிடங்களிலேயே மஞ்சள் பூத்துவிடும். பிறகு 180, 320 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போய், சுற்றியுள்ள நல்ல பெயிண்டின் ஓரத்தைப் படிக்கட்டுப்போல் இல்லாமல் சரிவாக்குங்கள். கண்ணை மூடி விரலால் தடவினால் இரும்பு எங்கே முடிகிறது, பெயிண்ட் எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. வண்டியின் மொத்தப் பெயிண்டும் ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான்தான், இரண்டு தலைமுடிகளின் தடிமன்கூட இல்லை. ஆகவே ஓரத்தில் பொறுமை வேண்டும்; ஒரு மணி நேரம் ஆனாலும் தவறில்லை. இந்தத் தேய்ப்பில்தான் வேலையின் ஆயுள் இருக்கிறது. பட்டறைகள் நேரம் மிச்சம் பிடிப்பதும் இதில்தான் என்பதை எங்கள் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் வருத்தத்தோடு சொல்கிறேன்.

குழிகளுக்குத் துருமாற்றி; அன்றைக்கு அவ்வளவே. அது உலர்ந்ததும் மறுநாள் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, இரண்டு பாகங்களைக் கலக்கும் எபாக்சி பிரைமரை, கையுறை அணிந்து, தூரிகையாலேயே மடிப்பின் உட்புறம் உட்பட மெல்லியதாகப் பூசுங்கள். கடையில் மலிவாக இருக்கிறது என்று ஒற்றை டப்பா ரெட் ஆக்சைடு பிரைமரை வாங்காதீர்கள். அது ஈரத்தை ஊடுருவ விடும். மலைக்கு அது ஏற்றதன்று. வெயில் இறங்கிவிட்டால், பழைய மஞ்சள் குண்டு பல்பு ஒன்றை ஒன்றரை அடி தூரத்தில் எரியவிட்டுச் சூடு காட்டலாம். தின்னர் வாசனை அடங்கிய பிறகே பல்பைப் போட வேண்டும். அடுப்பு, கரி, மெழுகுவர்த்தி எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாம் நாள் எபாக்சியை 320 தாளால் லேசாகக் கீறிவிட்டு அதன்மேல் பட்டி. இரும்பின்மேல் நேரடியாகப் பட்டி வைத்ததுதான் சென்ற முறை நடந்த இரண்டாவது தவறு. உங்கள் குழிகளுக்கு அரை மில்லிமீட்டர் பட்டியே அதிகம். உலர்வாகத் தேய்த்து, மறுபடியும் எபாக்சியோ ஸ்பிரே பிரைமரோ ஒரு படலம். அதை மட்டும் 600 வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம், ஏனென்றால் பட்டி மூடப்பட்டுவிட்டது.

பெயிண்டுக்கு முன் ஒரு சோதனை. கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் வெள்ளைத் துணியால் அல்லாமல் கறுப்புத் துணியால் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் பெயிண்டின் வெள்ளை வந்தால் மேலே கிளியர் கோட் (வண்ணத்தின்மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) இல்லை. வண்ணம் மட்டும் அடித்தால் போதும். வராவிட்டால் கிளியரும் அடிக்க வேண்டும். அப்படி அடிப்பதானால் சாதாரண ஒற்றை டப்பா ஸ்பிரேயையே வாங்குங்கள். கடினமாக்கி கலந்த கிளியரில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் உண்டு; துணிக்கவசம் அதைத் தடுக்காது, நுரையீரலைக் கெடுக்கும். அதை வீட்டில் அடிக்கவே கூடாது.

பானெட்டின் மூன்று புள்ளிகள் கல் தெறித்தவை. தீக்குச்சி முனையில் உப்புத்தாளைச் சுற்றி அந்தப் புள்ளியை மட்டும் சுத்தமாக்கி, இளஞ்சூடான தகட்டில் பிரைமரையும் பெயிண்டையும் நுனித்தூரிகையால் சொட்டாக வைத்தாலே போதும்.

கோத்தகிரி ஆசிரியை (பிப்ரவரி 19)

ஐயா, வேலையை முடித்துவிட்டேன். சென்ற வாரம் தொடர்ந்து ஐந்து நாள் வெயில் அடித்தது. எங்கள் பள்ளிக்கு அருகில் உள்ள சமதரையில் அனுமதி பெற்று, மாலைகளிலும் சனி, ஞாயிறுகளிலும் செய்தேன். தேய்ப்பதற்கு மட்டும் இரண்டரை மணி நேரம் ஆனது. நாணய அளவாகத் தெரிந்த துரு, பளபளக்கும் இரும்பைத் தேடிப் போனபோது என் உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. பேராசிரியர் ஐயா முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் அங்கே மனம் தளர்ந்து நிறுத்தியிருப்பேன்.

கறுப்புத் துணியில் வெள்ளை வந்தது, அதனால் கிளியர் தேவைப்படவில்லை. பெயிண்டில் ஒரு பிழை செய்தேன். முதல் படலத்தை மாலை ஐந்து மணிக்கு அடித்தேன். ஸ்பிரே டப்பா குளிர்ந்திருந்ததால் பொறிப்பொறியாகத் துப்பி, ஓரிடத்தில் கண்ணீர்த்தாரைபோல் வழிந்துவிட்டது. மறுநாள் அதைத் தேய்த்தெடுத்துவிட்டு, டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடங்கள் வைத்து நன்றாகக் குலுக்கி, நண்பகலில் ஒரு சாண் தூரத்திலிருந்து மெல்லிய படலங்களாக நான்கு முறை அடித்தேன். இந்த முறை சீராக அமைந்தது. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் புதிய வெள்ளை, வெயிலில் மங்கிய பழைய வெள்ளையைவிடச் சற்றே பிரகாசமாகத் தெரிகிறது. அப்பா வந்து தடவிப் பார்த்துவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் டிக்கியிலிருந்து துணியை எடுத்துக் கண்ணாடிகளைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

இனி இரண்டு கேள்விகள் மட்டும். எப்போது பாலிஷ் போடலாம்? மடிப்பின் உட்புறத்துக்கு வேறு ஏதாவது பூச வேண்டுமா?

குன்னூர்ப் பட்டறை (பிப்ரவரி 20)

மிகவும் மகிழ்ச்சி, டீச்சர் அம்மா. உள்ளங்கை அளவுக்குத் துணிந்து திறந்தீர்களே, அதற்காகவே பாராட்ட வேண்டும்.

ஒரு வாரம் போகட்டும். பிறகு ஓரத்தை 2000 வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு மிக லேசாகத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டால் பழைய வெள்ளையும் புதிய வெள்ளையும் நெருங்கிவிடும். பழைய பகுதியையும் ஒரு முழம் அகலத்துக்குச் சேர்த்துத் தேயுங்கள், மங்கல் நீங்கும். வாக்ஸ் மட்டும் ஒரு மாதம் கழித்துத்தான். பெயிண்டுக்குள் மிஞ்சியிருக்கும் கரைப்பான் வெளியேற வழி வேண்டும்.

மடிப்பின் உட்புறத்துக்கு, உட்குழிவுகளில் அடிக்கும் மெழுகு ஸ்பிரே கிடைக்கும். அது இறுகிக் கல்லாகாமல் பிசுபிசுப்பாகவே இருந்து, சிறு விரிசலிலும் ஊர்ந்து மூடிக்கொள்ளும். கறுப்புத் தார்ப்பூச்சை அந்த இடத்தில் அடிக்க வேண்டாம். அது வெடித்தால் வெடிப்புக்குள் தண்ணீர் நிற்பது வெளியே தெரியாது. ஏப்ரல் முடிவதற்குள் ஒரு முறை மெழுகு அடித்துவிட்டு, செப்டம்பர் கடைசியில், உங்கள் பக்கத்து மழை தொடங்கும் முன், சேற்றைக் கழுவி உலர்த்தி மறுபடியும் அடியுங்கள். வலப்பக்க வளைவையும் அதே நாளில் விரல் விட்டுப் பாருங்கள். இடப்பக்கத்தில் இரண்டு பிடி மண் இருந்தது என்றால் அங்கேயும் இருக்கும்.